நிப்பாட்டாத ஒஸ்ரின்

குணத்தின்ர ஒஸ்ரின் கார் நிண்டால் பிள்ளையின்ர மூச்சும் நிண்டுபோகும் எண்ட கதை ஊருக்குள்ள பரவின அண்டைக்கு, முதல் ஆளா எங்கட படலையைத் திறந்துகொண்டு வந்தவர் சங்கக்கடை மனேச்சர் வேலாயுதர், அவர் பிள்ளையையும் பாக்கேல்லை, பிள்ளை பெத்தவளையும் பாக்கேல்லை, நேரை போய் முற்றத்து வேம்புக்குக் கீழ டுக்குடுக்கெண்டு நிண்ட காரின்ர மூக்கில கையை வைச்சுப் பாத்திட்டு, "இது நாளுக்கு எவ்வளவு எண்ணெய் குடிக்கும், பிள்ளை?" எண்டு என்னட்டைக் கேட்டார். "ஏன், நீங்கள் தரப்போறியளோ?" எண்டன் நான். "நான் எங்க தாறது, ஊர்தான் தரவேணும்," எண்டு சொல்லிப்போட்டு மனிசன் வந்த வழியே போயிட்டார். இப்பிடியும் நடக்குமோ எண்டு அவரும் கேக்கேல்லை, நானும் கேக்கேல்லை.

குணம் என்ர தம்பி, நான் அவன்ர அக்கா. யோகமலர் அவன்ர மனிசி, எனக்கு மச்சாள். நான் கலியாணம் முடிக்கேல்லை, அதுக்கு ஆரும் கவலைப்படத் தேவையில்லை; தம்பியின்ர வளவுக்குள்ள எனக்கொரு அறை, எனக்கொரு அடுப்பு, எனக்கொரு வாய், அந்த வாய்க்கு ஊரே பயம்.

காரைப் பற்றிச் சொல்லாமல் பிள்ளையைப் பற்றிச் சொல்ல ஏலாது. அது ஒஸ்ரின் ஏ நாப்பது சோமசெற். உலகச் சண்டை முடிஞ்ச கையோட இங்கிலாந்துக்காரர் வெறுங்கையோட நிண்டவையாம், செய்யிற காரையெல்லாம் கப்பலில ஏத்துங்கோ, வெளிநாட்டுக்கு விக்கிறவனுக்குத்தான் இரும்பு எண்டு அவையின்ர அரசாங்கம் சொன்னதாம். அப்பிடித்தான் அவையின்ர சனம் காருக்குக் காத்துக்கொண்டு நடந்து திரியேக்க அவையின்ர கார்கள் எங்கட பனையளுக்குக் கீழ ஓடித் திரிஞ்சதுகள். முதல் வந்தது டெவன், பிறகு வந்தது சோமசெற். ரெண்டுக்கும் ஒரே எஞ்சின், நாலு சிலிண்டர், ஆயிரத்து இருநூறு சீசீ. அடைக்கிருக்கிற கோழி மாதிரி உருண்டு திரண்ட உடம்பு, திரும்பிறதெண்டால் கதவுத் தூணுக்குள்ள இருந்து நீளுற ஒரு சின்னக் கை, பற்றறி செத்துப்போனாலும் முன்னால ஹாண்டிலைக் குத்திச் சுத்தினால் எழும்புற எஞ்சின். எங்கட ஐயா அதைக் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் ஓடினவர், அவருக்குப் பிறகு தம்பி ஓடினான்.

பிறகு எங்கட சண்டை வந்தது. வவுனியாவுக்கு இஞ்சால ஒரு சொட்டுப் பெற்றோல் வரக்கூடாதெண்டு தடை. யப்பான் கார் வைச்சிருந்த பெரியாக்கள் அதுகளைக் கல்லில ஏத்திச் சாக்கால மூடிப்போட்டுச் சைக்கிள் மிதிச்சினம், ஆனா இந்தக் கிழட்டுச் சாமான்கள் மண்ணெண்ணெயைக் குடிச்சிட்டும் ஓடிச்சுதுகள். பெரிய அமுக்கம் இல்லாத எஞ்சின், எதைக் குடுத்தாலும் வேண்டாம் எண்டு சொல்லாது. பொனட்டுக்குள்ள ஒரு சேலைன் போத்தலைத் தலைகீழாக் கட்டி அதுக்குள்ள ஒரு மிடறு பெற்றோல் விட்டால், அது குழாயால இறங்கி எஞ்சினை எழுப்பும், எழும்பிச் சூடேறினாப்பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்தவேணும். இடையில நிண்டுதெண்டால் திரும்ப எழுப்ப அந்த மிடறு பெற்றோல் இல்லாமல் ஏலாது. அதால அந்த நாளையில ஒரு கார்க்காரனும் சும்மா காரை நிப்பாட்டமாட்டான்.

பிள்ளை பிறந்ததும் அந்தக் காருக்குள்ளதான். யோகமலருக்கு வலியெடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடேக்க, தண்டவாளம் பிடுங்கினாப்பிறகும் சும்மா நிண்ட ஒரு ரெயில்வே கேற்றடியில, பின்சீற்றில, என்ர இந்தக் கையிலதான் அது விழுந்தது. பெட்டைப்பிள்ளை. பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல், மெல்லிசா ஒரு மூச்சு. தம்பி சந்தோசத்தில காரை நிப்பாட்டிப்போட்டுப் பின்னால திரும்பிப் பாத்தான், பாக்கப் பாக்கப் பிள்ளை நீலமாப் போச்சு. நான் காலில பிடிச்சுத் தூக்கி முதுகில தட்டுறன், வாயில ஊதுறன், ஒண்டுமில்லை. "கோதாரியில போவானே, ஏன்ரா நிண்டனீ, ஆஸ்பத்திரிக்கு ஓடடா!" எண்டு நான் குழற, அவன் ஹாண்டிலைத் தூக்கிக்கொண்டு குதிச்சு முன்னால ஓடிச் சுத்தினான், எஞ்சின் ஒருக்காச் செருமி எழும்பிச்சுது, பிள்ளையும் ஒருக்காச் செருமி எழும்பிச்சுது.

ஆஸ்பத்திரி வாசலிலயும் அதுதான் நடந்தது. அங்க நிண்ட டொக்டர் பிள்ளையின்ர நெஞ்சில குழாயை வைச்சுக்கொண்டு, நிப்பாட்டுங்கோ எண்டார், போடுங்கோ எண்டார், பேந்தும் ஒருக்கா நிப்பாட்டுங்கோ எண்ட உடனை யோகமலர் படுத்த படுக்கையில இருந்து கத்தின கத்தில குழாயைக் கழட்டிப் போட்டார். "எங்களிட்டை இதுக்கு மருந்தில்லை, தங்கச்சி. காரை வடிவாப் பாருங்கோ," எண்டார். நாங்கள் பிள்ளையோட வீட்டை வந்தம், காரை வேம்புக்குக் கீழ விட்டம், நிப்பாட்டேல்லை.

சங்கக்கடையில கூப்பனுக்குக் குடுக்கிற மண்ணெண்ணெயில வீட்டுக்கொரு சோடாப்போத்தல் முறை வைச்சு எங்கட வளவுக்கு வரத் தொடங்கிச்சுது. ஆரும் கூட்டம் கூடேல்லை, ஆரும் பேச்சுப் பேசேல்லை, காலமை எழும்பிப் படலையைத் திறந்தால் போத்தல் நிக்கும். முந்தி ஜாம்போத்தல் விளக்கை வைச்சுக்கொண்டு இரவுச் சாப்பாடு சாப்பிட்ட சனம் பொழுதுபட முதலே சாப்பிட்டு முடிச்சிது, வாசிக்கிற பிள்ளையள் பின்னேரத்துக்குள்ள வாசிச்சு முடிச்சுதுகள், பொழுதுபட்டால் ஊர் முழுக்கக் கும்மிருட்டு, அந்த இருட்டுக்குள்ள ஒஸ்ரின்ர சத்தம் மட்டும். எஞ்சின் கொதிச்சுப்போகும் எண்டு பொம்பிளையள் கிணத்தில தண்ணி அள்ளேக்க ஒரு குடம் கூட அள்ளிக்கொண்டுவந்து குணத்திட்டைக் குடுத்திட்டுப் போனவை. பிள்ளை பிறந்த துடக்குக் கழிக்க வந்த ஐயர் வீட்டுக்கும் பிள்ளைக்கும் தீர்த்தம் தெளிச்சுப்போட்டுக் கேளாமலே காருக்கும் தெளிச்சார். பொன்னுத்துரை எண்டு ஒருத்தன், "என்ர பெடியன் சோதினை எடுக்க வேண்டாமோ, எல்லாத்தையும் இந்தப் பழைய இரும்புக்கு ஊத்தவோ?" எண்டு சந்தியில நிண்டு ஒவ்வொரு முறையும் திட்டினவன், திட்டித் திட்டித்தான் தந்தவன், ஆனா ஒரு முறையும் தராமல் விடேல்லை.

பிள்ளைக்கு ஆரணி எண்டு பேர் வைச்சம். சத்தம் கேக்கிற இடம் மட்டும்தான் அவளுக்கு உலகம். தெற்கால சோளகக் காத்து வீசிற மாசங்களில சத்தம் ஒழுங்கை கடந்து பனங்கூடல் வரைக்கும் போகும், அவளும் பனங்கூடல் வரைக்கும் போவாள். வாடைக் காத்துக்குப் படலையைத் தாண்ட விடமாட்டம். அயல் பிள்ளையள் எல்லாத்துக்கும் அந்த எல்லை அத்துப்படி, கெந்திப்பிடிச்சு விளையாடேக்கையும் அதுகள் அந்த எல்லையைத் தாண்டாமல்தான் ஓடுங்கள். ஊரில பிறந்த வேற குழந்தையளும் அந்தச் சத்தத்திலதான் நித்திரை கொண்டதுகள், தாய்மார் தாலாட்டை விட்டிட்டுதுகள்.

எல்லாரும் நித்திரை கொண்டம், யோகமலர் மட்டும் கொள்ளேல்லை. கோழித்தூக்கம், அதுவும் காரின்ர மட்காட்டில தலையைச் சாய்ச்சுக்கொண்டு. சத்தத்தில ஒரு நூல் பிசகினால் துள்ளி எழும்புவாள். "நான் பாக்கிறன், நீ போய்ப் படடி," எண்டு நான் எத்தினை தரம் சொல்லியிருப்பன். "நான் கண்ணை மூடினால் அது நிண்டிடும், மச்சாள்," எண்டுவாள். எனக்கு அவளில எரிச்சலும் வரும், அதைவிட இரக்கமும் வரும். பிள்ளை தாயின்ர மடியில இருந்துகொண்டு அந்தச் சிவந்த கண்ணையே பாத்துக்கொண்டிருக்கும்.

பிள்ளை கதைக்கத் தொடங்கிக் கொஞ்ச நாளில ஒரு காலமை என்னட்டை வந்து, "மாமி, காருக்குத் தடிமன், மூக்கடைச்சிருக்கு," எண்டாள். எனக்குக் கேக்கேல்லை, குணத்துக்கும் கேக்கேல்லை. அடுத்த கிழமை நீலப்புகை வந்தது. வருசக்கணக்கா மண்ணெண்ணெய் குடிச்ச எஞ்சின், அந்த எண்ணெய் கீழ வடிஞ்சு எஞ்சின் ஒயிலோட கலந்து ஒயில் தண்ணியாப் போச்சு, பிஸ்ரன் றிங்குகள் எல்லாம் தேஞ்சுபோச்சு எண்டு குணம் சொன்னான். "கழட்டிப் பூட்டவேணும் அக்கா. ஒரு பகல் முழுக்க நிப்பாட்டவேணும்," எண்டு சொல்லிப்போட்டு என்ர முகத்தைப் பாக்காமல் போய்க் கிணத்துக்கட்டில இருந்திட்டான்.

அப்பதான் ஊருக்குச் சம்பந்தம் பேசுற புத்தி வந்தது. இந்தச் சத்தத்துக்குப் பதிலா எந்தச் சத்தம் பிள்ளைக்கு ஒத்துவரும், எந்த எஞ்சின் எந்த வம்சம், ஆர் ஆருக்குச் சொந்தம் எண்டு எங்கட முற்றத்தில இருந்து கதைச்ச கதை கொஞ்சமில்லை. ஹில்மன் கார் வேற ஆக்கள் எண்டினம். வொக்ஸோலை எடுக்கவே வேண்டாம் எண்டினம். கடைசியா எல்லாரும் ஒரே வாயாச் சொன்னது ஸ்ரேசன் மாஸ்ரர் சிற்றம்பலத்தாரின்ர ஒஸ்ரின் டெவனை. அதே ஏ நாப்பது, அதே எஞ்சின், எங்கட காருக்குக் கூடப்பிறந்த தமையன்.

அந்த டெவனுக்கு எங்கட பகுதியில ஒரு மரியாதை இருந்தது. கலியாணத்துக்குப் பொம்பிளை ஏறுற கார் ஒருநாளும் எஞ்சின் கழட்டாத காரா இருக்கவேணும் எண்டு எங்கட ஆக்களுக்கு ஒரு வழக்கம். கழட்டிப் பூட்டின காரில போனால் குடும்பமும் கழண்டுபோகும் எண்டு ஒரு எண்ணம். சிற்றம்பலத்தார் வெள்ளைக்காரனிட்டை வாங்கின நாள் தொட்டுத் தன்ர கார் பொனட் திறக்காத கார் எண்டு சொல்லிச் சொல்லியே, அந்தக் காரில ஏறாமல் எங்கட ஊரில ஒரு பொம்பிளையும் மணவறைக்குப் போகேல்லை. மினுக்கின மினுக்கில முகம் பாக்கலாம். ஓடினால் சத்தமே கேக்காது, கழட்டாத எஞ்சின் எண்டால் இப்பிடித்தான் எண்டு நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு பாத்தம்.

கேக்கப் போனால் மனிசன் முதலில மாட்டன் எண்டார். பிறகு யோகமலர் போய் அவரின்ர வாசலில பிள்ளையின்ர சட்டையைக் கையில வைச்சுக்கொண்டு நிண்டாள். அவர் சட்டையைப் பாத்தார். "கொண்டாறன். ஆனா ஒருத்தரும் பொனட்டில கை வைக்கக்கூடாது," எண்டார்.

டெவன் வந்த அண்டைக்கு முற்றம் முழுக்கச் சனம். ரெண்டு காரையும் முகத்துக்கு முகம் விட்டு, ரெண்டையும் ஓடவிட்டு, பிள்ளையைத் தாயின்ர மடியில நடுவில வைச்சம். பிள்ளை சிரட்டையில மண் அள்ளி விளையாடிக்கொண்டிருந்தது. குணம் பிள்ளையாரைக் கும்பிட்டிட்டு எங்கட காரை நிப்பாட்டினான். பிள்ளை சிரட்டையை மெல்லமா நிலத்தில வைச்சிது, களைச்ச ஆள் மாதிரித் தாயின்ர நெஞ்சில சரிஞ்சிது, சொண்டு நீலமாப் போச்சு.

டெவன் ஓடிக்கொண்டுதான் நிக்குது. "போடடா, போடடா காரை!" எண்டு நான் குழறுறன். குணம் பதறின பதட்டத்தில சேலைன் போத்தலை இழுக்க, குழாய் கழண்டு கிடந்த மிடறு பெற்றோலும் மண்ணில ஊத்துண்டுபோச்சு. அந்த முற்றத்தில வேற பெற்றோல் எங்க? சனம் பேயறைஞ்ச மாதிரி நிக்குது, யோகமலர் பிள்ளையின்ர வாய்க்குள்ள ஊதுறாள், குணம் வெறும் ஹாண்டிலைச் சுத்து சுத்தெண்டு சுத்துறான். அப்ப சிற்றம்பலத்தார் சனத்தை விலக்கிக்கொண்டு வந்தார், தன்ர காருக்கு முன்னால ஒரு கணம் நிண்டார், பிறகு அத்தினை பேருக்கு முன்னால தன்ர டெவனின்ர பொனட்டைத் தன்ர கையாலேயே தூக்கினார்.

உள்ளுக்க இருந்தது யப்பான் எஞ்சின். அதுக்குப் பக்கத்தில ஒரு போத்தல் பெற்றோல். அவர் அதை அறுத்தெடுத்துக் குணத்தின்ர கையில குடுத்திட்டு, ஹாண்டிலைத் தானே பறிச்சுச் சுத்தினார், வேட்டி அவிழ்ந்ததும் தெரியாமல் சுத்தினார். மூண்டாம் சுத்தில எங்கட ஒஸ்ரின் எழும்பிச்சுது. பிள்ளை கண்ணை முழிச்சு, சிரட்டை எங்கயெண்டு தேடிச்சுது.

ஒருத்தரும் அவரை ஒண்டும் கேக்கேல்லை. என்ர வாய்தான் சும்மா கிடக்காதே. "இவ்வளவும் தெரிஞ்சுகொண்டே ஏன் கொண்டந்தனீங்கள் மாஸ்ரர்?" எண்டன். அவர் மண்ணில இருந்துகொண்டு, "பழைய எஞ்சின்ர தண்டு முறிஞ்சு கனகாலம், பிள்ளை. ஊரில சொல்ல வெக்கமாக் கிடந்தது. ஒஸ்ரின் எண்ட பேர் காணும் எண்டு நினைச்சிட்டன்," எண்டார். "பேருக்கு மூச்சு வருமோ?" எண்டு கேட்டன். அவர் அழுதார். அந்தக் காரில ஏறிப்போன பொம்பிளையள் கனபேர் அந்த முற்றத்தில பிள்ளையளோட நிண்டவை. ஒருத்தி போய் அவருக்குத் தண்ணி குடுத்தாள்.

அடுத்தநாள் றெஜினா ரீச்சர் வந்தா. கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில சரித்திரம் படிப்பிக்கிறவ, தனி மனிசி, சாம்பல் நிற மொறிஸ் மைனர் ஒண்டை ஓடித் திரியிறவ. "யோகமலர், என்ர காரை ஒருக்காப் போட்டுப் பாப்பமே?" எண்டா.

"உது மொறிஸ் எல்லோ ரீச்சர்? மொறிஸும் ஒஸ்ரினும் பரம்பரைப் பகை எண்டு எங்கட ஐயா சொல்லுறவர்," எண்டான் குணம்.

"ஓமோம், பகைதான். ஐம்பத்திரண்டாம் ஆண்டு வரைக்கும் பகை," எண்டு ரீச்சர் வேம்பு வேரில இருந்துகொண்டு வகுப்பு எடுக்கிற மாதிரிச் சொன்னா. "பிறகு ரெண்டு கொம்பனியையும் ஒண்டாக்கிப்போட்டினம். அதுக்கு முதல் வந்த மொறிஸ் மைனருக்குப் பழங்காலத்து எஞ்சின், வால்வு பக்கவாட்டில. ஒண்டானாப்பிறகு அதைத் தூக்கி எறிஞ்சு போட்டு ஒஸ்ரின்ர சின்ன எஞ்சினை மொறிசுக்குள்ள வைச்சினம். அந்தச் சின்ன எஞ்சினை எதைப் பாத்துச் செய்தவை எண்டு நினைக்கிறாய்? உன்ர காருக்குள்ள கிடக்கிற எஞ்சினைப் பாத்துத்தான். அதைச் சுருக்கிச் சின்னனாக்கினதுதான் இது. என்ர கார் ஒண்டானாப்பிறகு வந்தது. உடம்பு மொறிஸ், உள்ளுக்க இருக்கிறது உங்கட காரின்ர பிள்ளை."

சனம் ஒண்டையொண்டு பாத்துது. ஒருக்காச் சூடுபட்ட ஆக்கள் எல்லோ. மாட்டன் எண்டு தலையாட்டினான் குணம். யோகமலர் மட்டும் எழும்பி நிண்டாள். அவள்தான் சொன்னாள், "கொண்டாங்கோ ரீச்சர். பொனட்டைத் திறந்துகொண்டு வாங்கோ."

மொறிஸின்ர பொனட் திறந்து கிடக்க, மூண்டு வீட்டுப் பெற்றோல் மிடறுகளைக் கையில வைச்சுக்கொண்டு நாங்கள் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்க, குணம் எங்கட காரை நிப்பாட்டினான். பிள்ளை தலையைச் சரிச்சுக் கேட்டது. "குட்டிக் கார்," எண்டு சொல்லிப்போட்டு மண்ணைக் கிண்டப் போயிட்டுது. யோகமலர் அந்த இடத்திலயே குந்தியிருந்து அழுதாள், நானும்தான் அழுதன், எனக்கென்ன வெக்கம்.

அண்டைக்குப் பகல் முழுக்க மொறிஸ் ஓட, குணம் ஒஸ்ரினைக் கழட்டினான். புது றிங்குக்கு எங்க போறது? சிற்றம்பலத்தார் ஆரும் கேளாமலே வண்டில் பிடிச்சுத் தன்ர பின்னறையில சாக்குக்குக் கீழ ஒளிச்சு வைச்சிருந்த முறிஞ்ச பழைய எஞ்சினைக் கொண்டந்து முற்றத்தில இறக்கினார். அதின்ர பிஸ்ரனும் றிங்கும் எங்கட காருக்கு அப்பிடியே பொருந்திச்சுது. அதுக்குப் பிறகு அந்த மனிசன் ஒவ்வொரு நாளும் வந்து தன்ர கையால எண்ணெய் ஊத்திப்போட்டுத்தான் போவார், பிள்ளை அவரைத் தாத்தா எண்டு கூப்பிடும்.

இப்பிடியே இருந்திருக்கலாம். இருக்க விட்டாங்களோ?

ஐப்பசி மழையோட செல்லடி கிட்ட வந்திது. ஊரை விட்டு எல்லாரும் உடனை வெளிக்கிடச் சொல்லி ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டு போச்சு, அண்டைக்கு எங்கட ஊர் மட்டுமில்லை, எல்லா ஊரும் ஒரே தெருவில இறங்கிச்சுது. சைக்கிளில மூட்டை, மாட்டு வண்டிலில கிழடுகள், தோளில பிள்ளையள், ஆடு, கோழி, சாமிப்படம், மழை, அழுகை, அதுக்கு நடுவில எங்கட ஒஸ்ரினும் ரீச்சற்ற மொறிஸும் சனத்தின்ர கால் வேகத்துக்கு ஊர்ந்து ஊர்ந்து போச்சுதுகள். நடக்க ஏலாததுகளைக் காருக்குள்ள அடைஞ்சம், பிள்ளை யோகமலரின்ர மடியில முன்சீற்றில, நான் பக்கத்தில கதவைப் பிடிச்சுக்கொண்டு நடை. ஒரு கட்டை தூரம், ஒரு மைல், போக ஒரு பகல் எடுத்தது. நிண்டு நிண்டு போற காருக்கு எண்ணெய் நிக்குமோ? மொறிஸை வயலுக்குள்ள தள்ளிவிட்டு, அதின்ர தாங்கியில கிடந்த கடைசி எண்ணெயை ரீச்சர் எங்கட காருக்கு ஊத்தினா. பிறகு சனம் மூட்டைகளை அவிட்டு, புது இடத்தில விளக்கெரிக்க எண்டு கொண்டந்த சின்னச் சின்னப் போத்தலுகளை யன்னலால நீட்டிச்சுது. பொன்னுத்துரையும் நீட்டினான், அண்டைக்குத் திட்டேல்லை.

நாவற்குழிப் பாலத்தடியில, பொழுதுபட முன்னம், தாங்கி வறண்டுது. எஞ்சின் இருமிச்சுது. குணம் ஸ்ரேறிங்கைப் பிடிச்ச பிடியில, "அக்கா, முடிஞ்சுது," எண்டான். நிண்டுபோச்சு.

அப்பிடி ஒரு அமைதியை நான் என்ர சீவியத்தில கேட்டதில்லை, அத்தினை ஆயிரம் சனம் நிண்டும். பிள்ளையின்ர தலை சரியத் தொடங்கிச்சுது. அப்ப என்ர பின்னால ஒரு கிழட்டுக் குரல், "டுக்கு... டுக்கு... டுக்கு..." எண்டுது. திரும்பினன். சிற்றம்பலத்தார். மழையில தோஞ்சு, கம்பைப் பிடிச்சுக்கொண்டு, கண்ணை மூடி, கோயிலில தேவாரம் பாடுற ஆள் மாதிரி எங்கட காரின்ர சத்தத்தை வாயால பிடிக்கிறார். நானும் பிடிச்சன். வேலாயுதர் பிடிச்சார். றெஜினா ரீச்சர் பிடிச்சா. ஊருக்கு அந்தச் சத்தம் தெரியாதோ? மூண்டு வருசம் அதிலதானே நித்திரை கொண்டது, அதிலதானே எழும்பினது. பொம்பிளையள் வால்வின்ர கிளிக் சத்தத்தைப் பிடிக்க, ஆம்பிளையள் சிலிண்டரின்ர அடியைப் பிடிக்க, குணம் சைலன்சர் ஓட்டையின்ர உறுமலைப் பிடிக்க, பொன்னுத்துரை அந்த நாசமாப்போன விசிறிப் பட்டியின்ர கீச்சைக்கூட விடாமல் பிடிக்க, பாலத்தில முன்னுக்கும் பின்னுக்கும் நிண்ட வேற ஊர்ச் சனம், எங்களை ஆரெண்டும் தெரியாத சனம், என்ன ஏதெண்டு கேளாமல் சேந்து பிடிச்சுது.

பிள்ளை மூச்சு விட்டுது.

காரை அந்தத் தெருவோரத்திலயே விட்டம். திரும்பிப் பாக்க நேரமில்லை. பிள்ளையை யோகமலர் தோளில போட்டுக்கொண்டு நடக்க, நாங்கள் அவளைச் சுத்தி வளைச்சு நடந்தம், வாய் ஓயாமல், ஒருத்தர் தொண்டை கட்டினால் அடுத்தவர், அடுத்தவர் விழுந்தால் அதுக்கடுத்தவர், இரவு முழுக்க. விடியப்போற நேரம் தென்மராட்சியில ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ள ஒதுங்கினம். அங்க ஈரச் சீமெந்து நிலத்தில சனம் விழுந்த விழுந்த இடத்தில படுத்துது. சத்தம் குறைஞ்சுகொண்டு போச்சு. சிற்றம்பலத்தார் சுவரில சாய்ஞ்சபடி ஓய்ஞ்சார், ரீச்சர் ஓய்ஞ்சா, குணம் ஓய்ஞ்சான். நானும் யோகமலரும் மட்டும் ஒருத்தற்றை முகத்தை ஒருத்தர் பாத்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தம். நான் கண்ணை மூடமாட்டன் எண்டு சாமியைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தனான்.

முழிக்கேக்க வெயில் யன்னலால வந்து என்ர முகத்தில அடிக்குது. யோகமலர் என்ர பக்கத்தில மல்லாக்கா, வாயைத் திறந்தபடி நித்திரை. மூண்டு வருசத்தில அவள் அப்பிடிப் படுத்து நான் காணேல்லை. ஐயோ எண்டு எழும்பினன், பிள்ளை, பிள்ளை எங்க எண்டு கையால துழாவினன்.

பிள்ளை தாயின்ர தலைமாட்டில சம்மாணி கட்டி இருக்குது. ஒரு கை தாயின்ர நெஞ்சில. சொண்டைக் குவிச்சு, எச்சில் தெறிக்க, "டுக்கு... டுக்கு... டுக்கு..." எண்டு, ஒரு அடி பிசகாமல், விசிறிப் பட்டியின்ர கீச்சையும் விடாமல். கண் ரெண்டும் சிவந்துபோய்க் கிடக்குது.

"ஆரணி," எண்டன். "எவ்வளவு நேரமா ராசாத்தி?"

அவள் தாயின்ர நெஞ்சில இருந்து கையை எடுக்கேல்லை. "கத்தாதேங்கோ மாமி. அம்மா இப்பதான் படுத்தவ," எண்டாள். "நான் நிப்பாட்டினால் அம்மா நிண்டிடுவா."

பேந்தும் கொஞ்சநேரம் டுக்குடுக்கெண்டு பிடிச்சாள். பிறகு என்ர கையை இழுத்துத் தாயின்ர நெஞ்சில, தன்ர கை இருந்த இடத்தில வைச்சாள்.

"நீங்கள் ஒருக்காப் பிடியுங்கோ மாமி. எனக்குத் தண்ணி விடாய்க்குது."

நான் பிடிச்சன். அவள் எழும்பி, படுத்துக் கிடந்த சனத்தையெல்லாம் கடந்து, கதவைத் தாண்டி, வெளிய என்ர குரல் எட்டாத கிணத்தடிக்குத் தண்ணி குடிக்கப் போனாள்.